துய்ஷேனைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி அழாமல் பள்ளிக்குப் போகிறாள் என்று படித்து மகிழ்ந்தேன். எனக்கு வலக்கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. எழுத்து நன்றாகத் தெரிவதால் பரணில் கிடந்த பழைய புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினேன். பாதிக்குமேல் மாஸ்கோவில் அச்சானவை. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்க்கு வாங்கியது. கெட்டி அட்டையின் தையல் இன்னும் விடவில்லை. ‘சோவியத் நாடு’ இதழின் வழவழத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் அல்லவா நாம்!

இளவயதில் படித்ததில் எது மிஞ்சியது என்று கேட்டிருந்தாய். கார்க்கியின் ‘தாய்’ என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாய். அதன் நாயகன் பாவெல்மீது மரியாதை உண்டு. ஆனால் அவன் பேசத் தொடங்கினால் எனக்கு எப்போதும் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்த உணர்வுதான். என்னோடு தங்கியவன், கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ கதையில் வரும் துய்ஷேன்.

அந்தக் கிர்கீசியக் கிராமத்தில் பழைய குதிரைக் கொட்டிலை மண் பூசிப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். குளிர்காலத்தில் உறையும் ஓடையில் வெறுங்காலோடு இறங்கி, பிள்ளைகளை முதுகிலும் கையிலும் தூக்கி அக்கரை சேர்க்கிறான். குதிரையில் போகும் பணக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் காதிலேயே வாங்காமல், பிள்ளைகளைச் சிரிக்கவைக்க ஏதோ சொல்லிக்கொண்டு நடக்கிறான். அவன் காப்பாற்றிப் படிக்க அனுப்பிய மாணவி அல்தினாய் பின்னாளில் பெரிய கல்வியாளர். ஊரில் புதுப் பள்ளித் திறப்பு விழா; அவள் மேடைக்குரிய விருந்தாளி, அவனோ தபால் கொடுக்க வந்த கிழவன். அந்த இடத்தை இப்போதும் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

கதை வெளிவந்தது 1962இல். ஐத்மாத்தவின் தந்தையை 1938இல் ஸ்டாலின் அரசு சுட்டுக் கொன்றது என்பது அன்று நமக்குத் தெரியாது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. எலும்புகள் கிடைத்தது 1991இல்தான். அதே இடத்தில்தான் 2008இல் ஐத்மாத்தவையும் அடக்கம் செய்தார்கள். இதைச் சொன்னபோது என் மருமகன், “அப்படியானால் அந்தக் கதையெல்லாம் பிரசாரம்தானே?” என்றான். கொட்டில் சுவரில் லெனின் படம் மாட்டியிருந்தது உண்மைதான். துய்ஷேன் லெனினை நம்பினான். நான் துய்ஷேனை நம்பினேன். அரசு போனபின்னும் அவன் என்னிடம் இருக்கிறான், என்ன செய்ய?

உன்னிடமும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாளெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, ராத்திரியும் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்கென்று அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏன் போனாய்? களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் தூங்கி விழ, நீ கரும்பலகையைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்து எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதவி, சம்பளம் எதுவும் கேட்காத வேலை. கட்சிக்காரர்கள் உன்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். மற்றவர்கள் கட்சிக்காரன் என்றார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று முன்னேற்றப் பதிப்பக முகவரி இருக்குமே, ஸுபோவ்ஸ்கி புல்வார், 17, மாஸ்கோ? துய்ஷேனை மேடையில் உட்காரவைக்காததற்குச் சண்டை பிடித்து அந்த முகவரிக்கு நீ நாலு பக்கம் எழுதிப் போட்டாய். பதில் வந்ததா, இல்லையா? அடுத்த கடிதத்தில் அவசியம் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்