பெட்டியில் 8 ஓம், உள்ளே 4 ஓம்: உங்கள் 5.1 ஸ்பீக்கர் செட் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 5.1 ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட்டின் தொழில்நுட்ப விவரங்கள் தவறாக அச்சிடப்பட்டிருப்பது. செட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் வழங்கக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த பொங்கல் சமயத்தில் திருச்சியில் உள்ள உங்கள் டீலரிடம், ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்று ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 ஸ்பீக்கர் செட் ஒன்றை ரூ. 48,500 கொடுத்து வாங்கினேன். ஸ்பீக்கர்களுக்குப் பவர் கொடுக்கும் ஏவி ரிசீவர் வேறு கம்பெனியுடையது. ஒலியை ஓரளவு கூட்டியதுமே ரிசீவர் தானாக அணைந்துவிடுகிறது. சேவை மையத்தில் புகார் கொடுத்தால், "உங்க ரிசீவர் வீக் சார், பெரிசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. குறை ரிசீவரில் இல்லை, உங்கள் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் இருக்கிறது.

முதலில் சென்டர் ஸ்பீக்கர். படத்தில் வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். என் அப்பாவுக்குக் காது சற்று மந்தம். வசனம் அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே டிவியோடு வரும் சவுண்ட்பாரை விட்டுவிட்டு இவ்வளவு செலவு செய்தோம். உங்கள் பெட்டியில் சென்டர் ஸ்பீக்கருக்கு "இம்பீடன்ஸ் 8 ஓம், சென்சிட்டிவிட்டி 91 டெசிபல்" என்று போட்டிருக்கிறது. இம்பீடன்ஸ் என்பது ரிசீவர் அனுப்பும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, சென்சிட்டிவிட்டி என்பது குறிப்பிட்ட பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. என் ரிசீவரின் கையேடு 6 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கரை மாட்டச் சொல்கிறது. 8 ஓம் என்றால் தாராளமாகப் பொருந்த வேண்டும்.

நீங்கள் அனுப்பிய டெக்னீஷியன் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, ஒயரைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்பீக்கரின் இரண்டு டெர்மினலிலும் மல்டிமீட்டரை வைத்தார். 3.6 காட்டியது. முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார், 0.2. அதைக் கழித்தால் 3.4 ஓம். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த "8 ஓம்" என்ற எழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டில் "ஸ்பீக்கர் ஓ.கே." என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் படிவத்தில் அந்த 3.4-ஐ எழுத இடமே கிடையாது.

மல்டிமீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத்துக்கான தடையைத்தான், இம்பீடன்ஸ் என்பது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும், இரண்டும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கரில் இந்த அளவு பொதுவாக ஐந்தரை முதல் ஏழு ஓம் வரை இருக்கும். 3.4 வருவது 4 ஓம் ஸ்பீக்கரில்தான். காரணமும் கண்ணெதிரே தெரிகிறது: நடுவில் உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர், தாழ்ந்த ஒலிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வூஃபர். 8 ஓம் வூஃபர் இரண்டை இணையாக இணைத்தால் 4 ஓம்தான் கிடைக்கும். பள்ளிக்கூட இயற்பியல் இது. ஐ.இ.சி. 60268-5 என்ற சர்வதேசத் தரவரையறைப்படி, ஒரு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எந்த இடத்திலும் அறிவித்த மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்று எழுதினால் 6.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் ஸ்பீக்கர் அதற்கு வெகு கீழே இறங்குகிறது. ஓம் பாதியானால் அதே வோல்டேஜில் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும். என் ரிசீவர் அணைவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

இந்த ஒரு பொய் இன்னொரு எண்ணையும் தூக்கிப் பிடிக்கிறது. 91 டெசிபல் என்பது 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தது என்று உங்கள் இணையதளத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. 2.83 வோல்ட் 8 ஓமில் ஒரு வாட். அதே 2.83 வோல்ட் 4 ஓமில் இரண்டு வாட். ஆக, பெட்டியில் "8 ஓம்" என்று போட்டு ஒரு வாட் போலக் காட்டிவிட்டு, இரண்டு வாட் கொடுத்து அளந்திருக்கிறீர்கள். ஒரு வாட்டுக்கு உண்மையில் வருவது 88 டெசிபல்தான். மூன்று டெசிபல்தானே என்று தோன்றலாம். அந்த மூன்றை ஈடுகட்ட என் ரிசீவர் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், அதுவும் தாங்க முடியாத சுமையில்.

அடுத்து சப்வூஃபர். 8 அங்குல வூஃபரும் போர்ட் என்ற காற்றுத் துவாரமும் உள்ள அந்தப் பெட்டிக்கு "20 ஹெர்ட்ஸ் – 200 ஹெர்ட்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று எங்குமே இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் அளவீட்டு மைக்கைக் கொண்டுவந்தார். சுவர்களின் பாதிப்பு இருக்கக் கூடாது என்பதற்காக சப்வூஃபரை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி நடுவில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி மைக்கைத் தரையில் கிடத்தி, தெரு அடங்கிய பிறகு அளந்தோம். 42 ஹெர்ட்ஸ் வரை ஒலி அளவு நிற்கிறது. அதற்குக் கீழே மளமளவென்று சரிந்து, 20 ஹெர்ட்ஸில் 20 டெசிபலுக்கும் மேல் குறைந்துவிடுகிறது. 20 டெசிபல் குறைவு என்றால் பவரில் நூறில் ஒரு பங்கு. போர்ட் வைத்த பெட்டி எதுவானாலும் அதன் டியூனிங் அதிர்வெண்ணுக்கு, அதாவது போர்ட் ஒத்திசையும் அதிர்வெண்ணுக்கு, கீழே ஒரு ஆக்டேவுக்குச் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) சுமார் 24 டெசிபல் வீதம் இறங்கும். இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. வீட்டுக்குள் வைத்தால் அறை கொஞ்சம் பேஸைக் கூட்டிக் கொடுக்கும், உண்மை. ஆனால் அந்த அறை நான் கட்டியது. அதை உங்கள் சப்வூஃபரின் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

42 ஹெர்ட்ஸ் வரை போகும் 8 அங்குல சப்வூஃபர் மோசமான பொருள் இல்லை. அப்படியே எழுதியிருந்தால் மதித்திருப்பேன்.

பெட்டியின் முகப்பிலேயே பெரிய மஞ்சள் எழுத்தில் "1200 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று போட்டிருக்கிறீர்கள். கண நேரத்துக்கு எட்டக்கூடும் என்று சொல்லப்படும் உச்ச பவர் அது. சப்வூஃபரின் பின்பக்கம் திருப்பினால் 230 வோல்ட், 1 ஆம்பியர் ஃபியூஸ். சுவரிலிருந்து தொடர்ச்சியாக 230 வாட்டுக்கு மேல் இழுக்காதபடி அமைந்த கருவி அது. கப்பாசிட்டரில் சேர்ந்திருப்பது கண நேரத்துக்குக் கூடுதலாகத் தரும் என்பதை வைத்துக் கூட்டிப் பெருக்கினாலும் அந்த 1200-ஐச் சரிபார்க்க வழியில்லை, ஏனென்றால் பி.எம்.பி.ஓ.வை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. தொடர்ந்து தரும் பவரான ஆர்.எம்.எஸ். எவ்வளவு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று டீலரிடம் கேட்டேன். உங்கள் கேட்லாக்கில் இல்லை என்று கையை விரித்தார். அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் கம்பெனிகள் ஆளுக்கொரு விதமாக வாட்ஸ் கணக்குச் சொன்னதால் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே இதற்கு விதி கொண்டுவந்தது: தொடர்ந்து எத்தனை வாட், எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் முதல் எதுவரை, எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்று சொல்ல வேண்டும். 2024-இல் சோதனை நிபந்தனைகளையும் எல்லோருக்கும் ஒன்றாக்கினார்கள். நம் ஊர் வாடிக்கையாளர் மட்டும் மஞ்சள் எழுத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம் ஒன்று உண்டு. வாங்குவதற்கு முன் மூன்று கம்பெனிகளின் விவரங்களை ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டேன். அதில் ஒரு கம்பெனி தன் சென்டர் ஸ்பீக்கருக்கு "6 ஓம், 87 டெசிபல், 65 ஹெர்ட்ஸ் முதல், கூடக்குறைய 3 டெசிபலுக்குள்" என்று நிபந்தனையோடு எழுதியிருந்தது. விலையும் ஏறக்குறைய இதே. உங்கள் எண்கள் எல்லாவற்றிலும் பெரியவையாக இருந்ததால்தான் உங்களுடையதை எடுத்தேன். உண்மையை எழுதியவர் வியாபாரத்தை இழந்தார். நான் பணத்தை இழந்தேன். லாபம் உங்களுக்கு மட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28), ஒரு பொருளைப் பற்றித் தவறாக விவரிப்பதையும் அதன் தன்மை, தரம் குறித்து நுகர்வோரைத் தவறாக எண்ண வைப்பதையும் தவறான விளம்பரம் என்றே வரையறுக்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சடித்ததும் இதில் அடங்கும்.

ஆகவே செட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு ரூ. 48,500-ஐ முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மாற்று செட் வேண்டாம். அதிலும் இதே ஸ்பீக்கர்தான் இருக்கும். பெட்டியிலும் இணையதளத்திலும் சென்டர் ஸ்பீக்கரை 4 ஓம் என்று திருத்தி, சென்சிட்டிவிட்டி எத்தனை வாட்டில் அளந்தது, சப்வூஃபரின் அதிர்வெண் எல்லை எத்தனை டெசிபலுக்குள், ஆர்.எம்.எஸ். பவர் எவ்வளவு என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, 4 ஓம் தாங்காத ரிசீவரோடு மாட்டியிருந்தால் எச்சரிக்கையாக இருக்கும்படி தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைத் தயவுசெய்து சாதாரணமாக நினைக்காதீர்கள். எல்லா ரிசீவரும் நேரத்துக்கு அணைந்து தப்பிக்கும் என்று சொல்ல முடியாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். தொலைபேசியில் சமாதானம் சொல்வதை பதிலாக ஏற்க மாட்டேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

பில்லின் நகல், பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், மல்டிமீட்டர் 3.6 காட்டும் படம், மொட்டை மாடியில் எடுத்த அளவீட்டு வரைபடம், நான் கையெழுத்திடாத சர்வீஸ் ரிப்போர்ட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
திருச்சிராப்பள்ளி