தாவுவதும் குதிப்பதும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், "ஜம்ப், லீப் இரண்டுக்கும் குதித்தல் என்றே பொருள், எந்த இடத்திலும் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் இதை ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லையா?

வரிசையில் முந்திக்கொண்டு நுழைவதை 'ஜம்ப் தி க்யூ' என்றுதான் சொல்வார்கள். அங்கே லீப் வராது. சிக்னலை மீறிப் போவதற்கும் ஜம்ப்தான். விலை திடீரென்று ஏறினால் இரண்டும் பொருந்தும், சரி. ஆனால் லீப் என்றால் ஏற்றம் பெரிது. பிப்ரவரி 29 வரும் ஆண்டை யாரும் ஜம்ப் ஆண்டு என்பதில்லை. 2023 மார்ச் 1 புதன்கிழமை. வழக்கமாக அடுத்த ஆண்டு அதே தேதி ஒரு கிழமைதான் நகரும். 2024இல் பிப்ரவரி 29 வந்ததால் வியாழனைத் தாண்டி வெள்ளிக்குப் போய்விட்டது. அப்படி ஒரு கிழமையைத் தாண்டுவதால்தான் அது லீப் ஆண்டு. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மறக்காது.

ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இப்படி வந்ததுதான் எனக்கு ஆறவில்லை. தவளை தத்துகிறது, கன்று துள்ளுகிறது, குரங்கு தாவுகிறது, புலி பாய்கிறது. இத்தனை இருக்கும் மொழியில் எழுதுகிறவருக்கு 'குதித்தல்' ஒன்றுதானா கிடைத்தது?

செய்திப் பக்கத்திலும் இதே கதைதான். ஜாமீனில் வந்தவர் நீதிமன்றத்துக்கு வராமல் தலைமறைவாவதை ஆங்கிலத்தில் 'ஜம்ப் பெயில்' என்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 269ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். அதற்கு நீங்கள் "ஜாமீனைத் தாண்டினார்" என்று தலைப்புப் போட்டீர்கள். எங்கள் தெருவில் படித்தவர்கள் அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். அப்போதும் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். டியூஷனுக்கு வசதியில்லாத பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பார்கள். அதை நம்பித் தேர்வில் எழுதி, மதிப்பெண் போய், "பேப்பர்லயே போட்டிருந்துச்சே டீச்சர்" என்று என் முன்னால் நின்ற பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? பாதிப் பக்கத்தை விளம்பரம் பிடித்துக்கொண்ட பிறகு எடுத்துக்காட்டு வாக்கியங்களே வருவதில்லை.

வரும் ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இரண்டு வாக்கியமாவது கொடுங்கள். இடம் போதாதென்றால் சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தென்காசி.