ஓய்ந்தது டிரம்ஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், இணையம் வழியே விருந்தினராக வந்த ஜாஸ் குழுவைப் பற்றிய விமர்சனத்தில் ஒரு வரி: “டிரம்ஸ் வாசித்தவர் அவ்வப்போது ஓய்ந்துவிட்டார், நம் ஊர் மிருதங்கக்காரரோ அவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தயங்கினார்.” விமர்சகர் எந்தப் போனில் பார்த்தாரோ. ஓய்ந்தது எது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த டிரம்ஸ் கலைஞர் பாதி நேரம் குச்சியையே எடுக்கவில்லை. ப்ரஷ் என்கிற கம்பித் தூரிகையால் ஸ்னேர் என்கிற சிறு டிரம்மின் தோலை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ‘ஷ்ஷ்’ என்று விடாமல் வரும் அந்த ஒலியின் மேல்தான் கிட்டார் நடக்கும். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. ஏற்ற இறக்கமில்லாமல் நீளும் எந்த ஒலியும் அவற்றுக்கு மின்விசிறி இரைச்சல்தான், வெட்டிவிடும். தம்பூராவுக்கும் இதே கதிதான். ஆளுயர வயலின் மாதிரி இருக்கிற டபுள் பாஸ் விஷயம் வேறு. அதன் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். போனில் இருக்கிற சுண்டைக்காய் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. ஆக, மூவர் வாசித்தார்கள், உங்கள் விமர்சகர் ஒருவரைக் கேட்டார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிசியன்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. செட்டிங்ஸில் அனுமதித்தால் மட்டும் போதாது, கூட்டத்துக்குள் நுழைந்த பிறகும் அதை இயக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். எதிரொலி நீக்கத்தை அணைக்கலாம், ஆனால் எல்லோர் காதிலும் ஹெட்போன் இருந்தால்தான். இல்லாவிட்டால் போன ஒலி திரும்பி வந்து நம்மையே அறையும். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும், ப்ளூடூத் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடவேண்டும். டிரம்ஸுக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மைக், பாஸின் உடம்பில் உள்ள ‘எஃப்’ வடிவத் துளைக்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. வாசிக்கும் இடத்திலேயே 48 கிலோஹெர்ட்ஸில் தனியாகவும் பதிவு செய்துகொண்டால், நேரலையில் வெட்டுப்பட்டாலும் பிறகு முழுசாகக் கேட்கலாம்.

அடுத்தது அந்த ‘தயக்கம்’. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு 25, 30 மில்லி செகண்ட் வரை தாமதம் இருந்தாலும் தாளம் பிடிபடும். அதாவது பத்து மீட்டர் இடைவெளி. கண்டம் விட்டுக் கண்டம் இணையத்தில் 200 மில்லி செகண்ட் ஆவது சாதாரணம். நாதஸ்வரத்தை மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, தவிலை 70 மீட்டர் தள்ளித் தெருமுனையில் நிறுத்திய மாதிரி. எந்தக் கொம்பனாலும் ஒட்ட முடியாது. ஊரடங்குக் காலத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்த ‘கூட்டு வாசிப்புகள்’ பெரும்பாலும் அவரவர் தனியே பதிவு செய்து பிறகு ஒட்டியவை. நம் கலைஞர் சேராமல் பேசிக்கொண்டு மட்டும் இருந்தது, விஷயம் தெரிந்ததனால்.

ராமநாதபுரத்து மிருதங்கம் ஜாஸைக் கண்டு தயங்கியதாக எழுத எப்படித்தான் கை வந்ததோ. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் நம் நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு 1975இல் அமெரிக்காவில் மேடையிலேயே பதிவானது. எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அதில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாடு ராகவன், பாடகர் ராம்நாடு கிருஷ்ணனின் தம்பி. ஆசிரியருக்குத் தெரியாததா? 2024இல் ‘சக்தி’ கிராமி வாங்கியபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நம் ஜில்லா பெயரைச் சுமந்த மனிதருக்கு அரை வரி இடமில்லாமல் போயிற்று.

இடம் எப்போது இருந்திருக்கிறது? கோயில் திருவிழாச் செய்தியில் தவில்காரர்கள் ‘மற்றும் குழுவினர்’. மைக்செட் கட்டும் எங்கள் நினைப்பு ஸ்பீக்கர் ‘கீ’ என்று கத்தும்போதுதான் வரும். உப்புக்காற்றில் பச்சை பூத்த ஜாக்கை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உட்கார்ந்திருப்பது எந்தச் செய்தியிலும் வராது. அது போகட்டும். ஜாஸ் உலகத்திலாவது இந்த ‘குழுவினர்’ வியாதி குறைவு. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டில் பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி கோப் என்று இன்றைக்கும் ரசிகர்கள் பெயர் சொல்கிறார்கள். டிரம்மரும் கிட்டாரும் நான்கு நான்கு ‘பார்’ (தாளக் கட்டம்) என்று மாறி மாறி வாசிப்பது நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி, அளவைக் குறைத்துக்கொண்டே வாசிக்கிற ‘குறைப்பு’க்கு உறவு. அதை உட்கார்ந்து கேட்டவர் ‘ஓய்ந்துவிட்டார்’ என்று எழுதமாட்டார்.

விருந்தினர் என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். கீழக்கரையில் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள், தொதல் என்கிற இனிப்பையாவது பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். இணையத்தில் வந்தால் மட்டும் விருந்தினர் என்பதற்குச் சம்பளம் கேட்காதவர் என்று பொருள். ஒரு மணி நேர நேரலைக்கு மைக் வைத்து, சுருதி பார்த்து, ஒத்திகை ஓட்டி அரை நாள் கழிகிறது. அதற்குக் கூலி ‘ரசிகர்களின் கைத்தட்டல்’ படம். அதுவும் மஞ்சள் கை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு இணைப்பில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: வெட்டியது செயலி, வாசித்தவர் அல்ல என்று ஒரு வரி, டிரம்ஸ், பாஸ் கலைஞர்களின் பெயர் ஒரு வரி. இரண்டு பெயரும் நிகழ்ச்சி முழுக்கத் திரையின் கீழேயே இருந்தன. எழுத்துக்கூட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மைக்செட் கட்டும் வாசகன்,
உச்சிப்புளி