ராணிக்கு மருந்து, உனக்கு ஒரு வேண்டுகோள்

மாப்ள செல்வம்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பெரியவன் பத்தாவது போகிறான். மிச்சம் நேரில்.

என் குதிரை ராணி நேற்று வயிற்றுப் பூச்சி மருந்தைக் கட்டாமலே வாங்கிக்கொண்டாள்டா! போன தடவை மூக்கில் கயிற்று முறுக்குப் போட்டு, மூன்று ஆள் பிடித்தும் பாதி மருந்து முருகேசன் சட்டையில்தானே போனது? நேற்று லாயத்தில் நான் ஒருவன்தான். சந்தோஷம் தாங்கவில்லை.

அதே முருகேசன்தான் சொன்னான், நீ பாலக்கோட்டில் மட்டக்குதிரை வாங்கியிருக்கிறாய், மாட்டுக்குப் புகட்டுகிற மூங்கில் குழாயிலேயே அதற்கும் மருந்தை ஊற்றிவிடலாம் என்கிறாய் என்று. கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வேண்டாம்டா. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது போனதுதான். அதனால் அளவும் முக்கியம்.

ஓசூர் பக்கத்து மத்திகிரிப் பண்ணை தெரியுமில்லையா, 1824-ல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்தது, அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்தான் எனக்குப் பழக்கிக் கொடுத்தார். மருந்து கொடுக்கிற நாளுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்க வேண்டும். கழுவின, ஊசியில்லாத காலி சிரிஞ்சைக் கன்னத்தில் வைத்துத் தடவு, அது அமைதியாக நிற்கிற நொடியில் எடுத்துவிடு. தலையை உதறும்போது எடுத்தால், உதறினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அதுவரை சிரிஞ்சை விலக்காமல் கூடவே போ, ஆனால் அழுத்தாதே. இதற்குப் பொறுமை வேண்டும், உனக்கு அது சீட்டாடும்போது மட்டும்தான் வரும். அப்புறம் வெல்லப்பாகை நிரப்பிக் கொடு. ராணி இப்போது சிரிஞ்சைப் பார்த்தாலே மேல் உதட்டை நீட்டித் துழாவுகிறாள்.

மருந்தன்று வாயில் புல் மிச்சம் இருக்கக்கூடாது, இருந்தால் அதோடு சேர்த்து மருந்தையும் துப்பிவிடும். எதிரே நிற்காமல் தோள் பக்கம் நின்று, ஒரு கையை மூக்குத்தண்டின் மேல் லேசாக வை. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, கடிவாளம் உட்காருகிற இடத்தில் பல்லே கிடையாது. அந்த வாயோரமாக சிரிஞ்சை நுழைத்து, நாக்கின் பின்பக்கம் மருந்துப் பேஸ்டை விடு. தாடையைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் போதும், ராணி நாக்கைப் புரட்டிப் புரட்டி மென்று விழுங்கினாள். அடுத்த சிரிஞ்சில் பாகு கொடுத்தேன், அதற்கும் வாயைக் காட்டினாள். மாத்திரையாக இருந்தால் பொடித்து, தண்ணீரும் பாகும் கலந்து இதே மாதிரி கொடுக்கலாம்.

எடைக்கு ஒரு கணக்கு: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. கணக்கு வாத்தியார் உயிரோடு இருந்தால் இதை உன்னிடம் கொடுத்திருக்க மாட்டார், தங்கச்சியை விட்டுப் போடச் சொல். பேஸ்ட் மருந்து வருகிற முழு சிரிஞ்சும் பெரிய குதிரைக்கான அளவு, அதனால் தண்டில் இருக்கிற வளையத்தை உன் குதிரை எடைக்குத் திருப்பி நிறுத்த மறக்காதே.

அதற்கு முன்னால் கொஞ்சம் லத்தியை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போ. புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்து, எந்த மருந்து என்று டாக்டர் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வழியாக வருகிறேன், சிரிஞ்சும் வெல்லமும் என் பொறுப்பு. அதுவரை அந்த மூங்கில் குழாயைக் குதிரைப் பக்கம் கொண்டு போகாதே.

அன்புடன்,
மாது