வேலிக்கு உள்ளேயும் பாருங்கள்

நகரக் குடிநீர் வாரியங்களின் தலைவர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

குடிநீர்ப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே உங்கள் திட்ட அறிக்கைகளில் சுற்றுச்சுவர், முள்கம்பி, கண்காணிப்புக் கேமரா, வாயிற்காவலர் என்று பட்டியல் நீள்கிறது. அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நடந்த விபரீதங்களைப் புரட்டிப் பார்த்தால், சுவரேறிக் குதித்து நீர்த்தேக்கத்தில் நஞ்சைக் கொட்டியவனைக் காண்பது அரிது. வாயில் வழியாகச் சாவியோடு வந்தவர்களும், நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடு எழுதியவர்களும்தான் அதிகம்.

1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு பகுதிக்கு நீர் தரும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு கலங்கலைத் தெளியவைக்கும் அலுமினியம் சல்பேட் கரைசல் 20 டன்னோடு ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் புதியவர், நிலையத்தில் ஆளில்லை. எந்தத் தொட்டி என்று தெரியாமல், சுத்திகரித்த நீர் நேராக வீடுகளுக்குப் போகும் தொட்டியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தவறு ஓட்டுநருடையது என்பதை நான் ஏற்கமாட்டேன். நாளும் ஆயிரக்கணக்கானோர் குடிக்கும் தொட்டியின் மூடி, வழி சொல்ல ஓர் ஆள்கூட இல்லாத இடத்தில் எந்தக் கரைசலுக்கும் திறந்துகொடுத்தது என்றால் அது நிர்வாகத்தின் தவறு. அதைவிடக் கொடுமை, நடந்தது என்ன என்று மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

கனடாவின் வாக்கர்ட்டன் கதை இன்னும் கசப்பானது. 2000 மே மாதம் பெருமழை. மாட்டுச் சாணத்தின் கிருமி ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. சிறிய ஊர், சுமார் 5,000 பேர். அங்கே 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். குளோரின் போதிய அளவு போட்டிருந்தால் அந்தக் கிருமி தாக்குப்பிடித்திருக்காது. போடவில்லை, ஆனால் பதிவேட்டில் நாள்தோறும் லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம் என்று அழகாக எழுதியிருந்தது. அளக்காமலே எழுதிய எண்கள்! சுகாதார அலுவலர் விசாரித்தபோதும் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றே பதில் போயிற்று. அவர் அதை நம்பிக்கொண்டிருக்காமல், காய்ச்சிக் குடியுங்கள் என்று தாமாகவே ஊருக்கு அறிவித்தார். குளோரின் அளவைத் தானே இடைவிடாமல் அளந்து எச்சரிக்கும் கருவி ஒன்று அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும். உங்கள் பதிவேடுகளில் மாதக்கணக்கில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். உண்மையான நீர் அப்படி ஒரே சீராக இருக்காது.

இனி கணினி. 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பா நகரில் நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றுக்குள் அயலார் புகுந்தார்கள். அந்த வகைக் கருவிக்குத் தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் கடவுச்சொல் 1111. இதற்குள் நுழையப் பெரிய மேதை தேவையில்லை. அங்கே ஊழியர்கள் உடனே கையால் இயக்கிச் சமாளித்தார்கள். உங்கள் நிலையத்தில் திரை அணைந்துபோனால் எந்த வால்வை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர் இரவுப் பணியில் இருக்கிறாரா? அவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தால், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாரா? ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000-ல் வேலை மறுக்கப்பட்ட கோபத்தில் ஒருவர் வானொலி அலை வழியாகக் கழிவுநீர் நிலையங்களுக்குக் கட்டளை அனுப்பி, சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவை வெளியே பாயவிட்டார். அந்த அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். வேலையை விட்டுப் போகிறவர்களின் அனுமதியை அன்றைக்கே நிறுத்துவதற்குச் செலவு எதுவும் இல்லை.

நிலையத்தை விட்டு வெளியேறிய நீரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். தண்ணீரைச் சில மணி நேரம் மட்டும் திறந்துவிட்டு, பிறகு நிறுத்தும் ஊர்களில், குழாய் காலியாகும்போது அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆலையில் பளிங்காக இருந்த நீர் கடைசித் தெருவில் அப்படியே வந்துசேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே ஆலை வாயிலில் எடுத்த மாதிரியைக் காட்டி எங்களை ஆறுதல்படுத்த வேண்டாம். குழாயில் வந்துசேரும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குளோரினுக்கு அசையாத கிருமிகளும் உண்டு என்பதை 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றபோது உலகம் பார்த்தது. அங்கே காப்பது வடிகட்டல்தான். அதனால் கலங்கல் அளவையும் சேர்த்தே கேட்கிறோம்.

ஒவ்வொரு பகுதியிலும் கடைக்கோடிக் குழாயில் எடுத்த குளோரின் அளவையும் கலங்கல் அளவையும் அன்றன்றே பொதுவில் வெளியிடுங்கள். மாதிரி எடுப்பவர் ஆலை மேலாளரின் கீழ் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. அளவு தவறினால், காரணம் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், காய்ச்சிக் குடிக்கச் சொல்லி முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். பீதி பரவும் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. கேமல்ஃபோர்டில் மக்கள் பீதியடைந்தது சொன்னதால் அல்ல.

முதல் மாதப் பட்டியலில் சில மோசமான எண்கள் இருந்தாலும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
குழாய்நீரை நம்பியிருக்கும் ஒரு நுகர்வோர்