புகை தெரிந்தால் ஜீப்பைத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மலைக்கு இந்தப்புறம் ஊவாவில் காய்ந்த காற்றுதான். எல்ல, ஹல்துமுல்லை சரிவுகளில் மானாப்புல்லும் பைனஸ் காடும் பற்றுவது இந்த மாதங்களில். ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் காட்டுப்பாதை ஏற ஆட்கள் வருவதும் அப்போதுதான். "தீ அந்த மலையில்தானே" என்று சொல்லிக்கொண்டு வண்டியை ஏற்றுகிறார்கள்.

தூரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சரிவையும் காற்றையும் பாருங்கள். மேலே ஏறும் தீ, முன்னாலுள்ள புல்லைக் காயவைத்துக்கொண்டே வரும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் மேல்நோக்கியே வீசும். ஆகவே அடிவாரத்தில் புகைகிற மலையின் உச்சிக்கு ஒற்றைப் பாதையில் போகவே கூடாது. கைவிட்ட தேயிலை மலைகள் இன்னும் மோசம். செடிகளுக்கிடையே மானா ஆளுயரம் நிற்கும், ஜீப் திருப்ப இடமிராது. திருப்பக்கூடிய இடங்களை ஏறும்போதே குறித்துக்கொள்ளுங்கள். வழி அடைபட்டால் ஏற்கனவே எரிந்து கருகிய தரைதான் ஒதுங்க இடம், உச்சி அல்ல.

இரவில் புகை குளிர்காற்றோடு இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடும். விடியற்காலையில் அதைப் பனிமூட்டம் என்று நினைத்து உள்ளே ஓட்டுகிறவர்கள் உண்டு. மூக்கு சொல்வதைக் கேளுங்கள். சிக்கிக்கொண்டால் கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றி, லோ பீமில் மெதுவாக வெளியேறுங்கள். ஹை பீம் புகையில் பட்டுக் கண்ணைத்தான் கூசச் செய்யும். துணி முகக்கவசம் நுண்துகளை நிறுத்தாது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 நிறுத்தும், ஆனால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை அதுவும் தடுக்காது.

தீயை வண்டியே மூட்டலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் ஓட்டத்தில் 400 பாகை செல்சியஸைத் தாண்டும். புதிய டீசல் வண்டிகளில் டி.பி.எப். என்ற புகைக்கரி வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் துப்புரவாகும்போது சூடு 600 பாகையைத் தொடும். காய்ந்த புல்மேல் நிறுத்தினால் பற்ற அது தாராளம். ஓட்டத்திலும் சைலன்சருக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் மானாத் தாள் சுருண்டு அடைந்துவிடும். புல் வழியில் அடிக்கடி நிறுத்தி, வெறும் மண்ணில் நின்று, குனிந்து பார்த்து, கம்பியால் இழுத்தெடுங்கள். 2 கிலோ பவுடர் தீயணைப்பான் ஆசனத்தின் அருகே இருக்கட்டும். பின்னால் பைகளுக்கடியில் கிடந்தால் கைக்கு எட்டாது. ட்ரெயில் பைக்குகளின் சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டரைச் சத்தத்துக்காகக் கழற்றுவது வெறும் முட்டாள்தனம்.

சாம்பல் பறந்த வழியில் ஓடினால் எயார் பில்டரை அன்றே பாருங்கள். காகித பில்டருக்குக் காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. ஸ்பொஞ்ச் பில்டரை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பிலும் கழுவி, காயவைத்து எண்ணெய் பூசுங்கள்.

தீ அணைந்ததும் பாதை திறந்துவிடாது. அடிமரங்கள் மண்ணுக்குள் நாட்கணக்கில் கனன்று முறியும். புல் பிடித்திருந்த கற்கள் உருளும். ஒக்டோபர், நவம்பர் மழையில் மொட்டைச் சரிவு மண்ணோடு இறங்கவும் கூடும்.

புகையைக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து, எந்த மலை, அருகிலுள்ள தோட்டத்தின் எந்த டிவிஷன், காற்று எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான்: இம்மாதங்களில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதைத் தினமும் காலை 6 மணிக்குள் தமிழிலும் அறிவியுங்கள். ஜீப்புகள் 7 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகின்றன.

இப்படிக்கு,
காட்டுப்பாதைச் சாரதிகள் சிலர்,
பண்டாரவளை.