38, அடுத்தது பிளாக்

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வத்தல் காயப்போட மாடிக்கு ஏறிவிடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே ஒரு கிளப்பில் நீ ஸ்னூக்கர் ஆடப் போகிறாய் என்று அவள்தான் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். அவளிடம் ரகசியம் சொல்வதும் தெற்குமாசி வீதியில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான், உனக்குத் தெரியாததா? இரண்டு தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன். நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்பாய், நான் "ம், ஆச்சு" என்பேன், அதற்குள் ஃபோன் அவள் கைக்குப் போய்விடும். அதனால் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் உங்கக்கா மகளிடம் கொடுத்தால் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். அவள் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

இங்கே கொடியேற்றம் ஆகிவிட்டது. மாசி வீதி முழுக்கப் பந்தல். எனக்கு இந்தச் சித்திரையில் எப்போதும் இரண்டு திருவிழா. பகலில் மீனாட்சி, ராத்திரியில் ஷெஃபீல்டு. அங்கே ஸ்னூக்கர் உலக சாம்பியன்ஷிப்பும் ஏப்ரல் நடுவில் தொடங்கி 17 நாள் நடக்கிறதல்லவா, நம் ஊர் விழாவை ஒட்டியே வந்துவிடும். அங்கத்திய சாயங்கால ஆட்டம் நமக்கு ராத்திரி பதினொன்றரைக்கு. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஃபோனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். உங்கம்மா ஒருநாள் எழுந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் அந்தப் பச்சைத் துணியைத் தேய்ச்சது போதாதா?" என்றாள்.

தேய்த்தது உண்மைதான். கிளப்பில் ஸ்னூக்கர் மேஜையைப் பராமரித்து, பந்து அடுக்கி, ஸ்கோர் சொல்கிற மார்க்கர் வேலை அல்லவா என்னுடையது. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. காலையில் முதல் வேலை பிரஷ். துணியில் ரோமம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், மஞ்சள் பச்சைப் பந்து வைக்கிற பக்கமிருந்து பிளாக் பக்கமாக. அந்தத் திசையிலேயேதான் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் பந்து அன்றைக்குப் பூரா குடித்தவன் மாதிரி நடக்கும். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. சூட்டைக் கையால் பார்க்கக் கூடாது. பழைய தினத்தந்தித் தாளில் வைத்து எடுப்பேன். தாள் லேசாகப் பழுத்தால்கூடச் சூடு அதிகம் என்று அர்த்தம். ஆறவைத்து, மறுபடி வைத்து, தாள் வெள்ளையாகவே இருந்தால்தான் மேஜைக்குக் கொண்டுபோவேன். நீ பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தத் தாளில் எந்த எழுத்து கருகியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பாய்.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நீ இருக்கிற ஊருக்கு ஸ்டோக் என்று பெயர் சொன்ன நாளிலிருந்தே எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ படித்த பெயர். போன மாதம்தான் பிடிபட்டது. ரே ரியர்டன்! மெம்பர் ஒருத்தர் போட்டுவிட்டுப் போன இங்கிலாந்துப் பத்திரிகைகளில் படம் படமாகப் பார்த்த ஆள். நெற்றியில் முடி வி மாதிரி இறங்கி, சிரித்தால் பல் மின்னும். டிராகுலா என்று பட்டப்பெயர். உலகப் பட்டம் ஆறு தடவை: 1970, அப்புறம் 1973லிருந்து 76 வரை வரிசையாக நாலு, அப்புறம் 1978. ஆனால் நான் சொல்ல வந்தது பட்டக் கணக்கு இல்லை.

அவர் வேல்ஸ்காரர். டிரெடிகர் என்கிற ஊரில் 1932ல் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்று 14 வயதில் அப்பாவோடு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். இறங்கும்போது கையில் வெள்ளைக் கையுறை. கரி வெட்டப் போகிறவனுக்கு வெள்ளைக் கையுறை! கூட வேலை பார்த்தவர்கள் என்ன கேலி பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். பந்தை அடிக்கிற கியூ கம்பைப் பிடிக்கிற கை கெட்டுவிடக் கூடாது என்று போட்டுக்கொண்டார்.

பிறகு குடும்பத்தோடு நீ இருக்கிற பக்கம் குடிவந்து, அங்கே ஃபுளோரன்ஸ் என்கிற சுரங்கத்தில் வேலை. 1957ல் பாறை சரிந்து ஆளை மூடிவிட்டது. மூன்று மணி நேரம் மண்ணுக்குள். கைகால் அசைக்க முடியாது, ஒரே இருட்டு. அந்த மூன்று மணி நேரமும் அவர் என்ன செய்தார் தெரியுமா? மனசுக்குள்ளேயே தம்பியோடு கோலிக்குண்டு ஆடிக்கொண்டிருந்தாராம். நம்ம செல்லூர்ச் சந்தில் நீங்கள் ஆடுவீர்களே, அதே கோலிக்குண்டு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் சாமி பெயரைச் சொல்வோம், பிள்ளை முகத்தை நினைப்போம். இந்த மனுஷன் குண்டை எந்தக் கோணத்தில் அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

வெளியே எடுத்தார்கள். சுரங்கத்தை விட்டுவிட்டு அதே ஸ்டோக்கில் போலீஸ்காரர் ஆனார். அப்போது ஸ்னூக்கரை நம்பி யாரும் வேலையை விட மாட்டார்கள். 1958லிருந்து 63 வரை உலகப் போட்டியே நடக்கவில்லை, ஆட்டம் அவ்வளவு படுத்துக் கிடந்தது. அவர் முழுநேர ஆட்டக்காரராக மாறியது 1967ல், வயது 35. இரண்டு வருஷம் கழித்து அங்கே கலர் டிவி ஆட்டத்தைத் தூக்கிவிட்டது. கருப்புவெள்ளைப் பெட்டியில் எது பச்சை எது பிரவுன் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பாட் பிளாக் என்று ஒரு டிவி போட்டி ஆரம்பித்தார்கள், முதல் பட்டம் இவருக்கு. 1975 உலகப் பட்டப் பைனல் ஆஸ்திரேலியாவில். சார்ல்டன் என்கிற உள்ளூர்க்காரரிடம் 29க்கு 23 என்று பின்தங்கி, கடைசியில் 31க்கு 30 என்று முடித்தார். 61 ஃபிரேம், அறுபத்தொரு தனி ஆட்டம், தம்பி! ஒரு மார்க்கராக நினைத்துப் பார்க்கிறேன், அத்தனை ஃபிரேமுக்கும் பந்து அடுக்கினவன் இடுப்பு என்ன ஆகியிருக்கும்?

45 வயதில் கடைசி உலகப் பட்டம். அந்த வயதுக் கணக்கை 2022 வரை யாரும் தாண்டவில்லை. தாண்டியது ரோனி ஓசுலிவன், 46 வயதில். அந்த ரோனிக்கு 2004 பட்டத்தின்போது கூடவே இருந்து ஆட்டம் சொல்லிக் கொடுத்தது இதே ரியர்டன்தான். சிஷ்யப்பிள்ளை தன் கணக்கை முறித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, 2024ல் 91 வயதில்தான் போனார்.

நீ சாம்பியன் ஆவாய் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆக மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யாரும் ஆகிறதில்லை. ஆனால் நீ ராத்திரி ஷிப்டில் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் உங்கம்மாதான். தெருவில் "கம்பெனியில் இருக்கான்" என்று சொல்லிவைத்திருக்கிறோம், அதுவும் பொய் இல்லையே. அந்த வேலைக்கு நீ கூசிப்போய் எங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொள், அது போதும். வெள்ளைதான் வேண்டும் என்றில்லை.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

ஆடி மாதம், சனிக்கிழமை மத்தியானம். காற்றுக்கு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. நீ ஏழாவது படிக்கிறாய். எனக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாய். இரண்டிலிருந்து நாலு வரை மெம்பர் யாரும் வர மாட்டார்கள் என்கிற தைரியத்தில், "கொஞ்ச நேரம் ஆடிக்கோ" என்று விட்டேன். ஒடிந்து குப்பைக்குப் போன கியூ ஒன்றை உன் உயரத்துக்கு அறுத்து, நுனி சீவி, நானே தோல் டிப் ஒட்டிக் கொடுத்திருந்தேனே, அதை வைத்துத்தான் ஆடினாய்.

ரெட், பிளாக். ரெட், பிளாக். ரெட், நீலம். ரெட், பிங்க். ரெட், பிளாக். அப்புறம் இன்னொரு ரெட். 8, 16, 22, 29, 37, 38. ஸ்கோரை உரக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. எவன் ஆடினாலும், போதையில் ஆடினாலும், ஹாலுக்கு வெளியே கேட்கிற மாதிரிச் சொல்வேன். அன்றைக்கு மட்டும் வாய்க்குள்ளேயே எண்ணினேன். சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். எட்டாத பந்துக்கு வைக்கிற ரெஸ்ட் கட்டையை எடுக்காமல், நீ ஸ்டூல்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து எக்கி எக்கி அடித்தாய். தலை ஆடவே இல்லை. முப்பது வருஷம் நின்று பார்த்தவன் சொல்கிறேன், தலை ஆடாமல் அடிக்கிறவர்களை எங்கள் ஹாலில் ஒரு கை விரலால் எண்ணிவிடலாம்.

அடுத்தது பிளாக். நீ குனிந்திருந்தாய். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஒரு மெம்பர் வந்தார். அவர் கத்தவில்லை. "மார்க்கர் பையன் ஆடுறதுக்கா நாங்க சந்தா கட்டுறோம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அடிக்கச் சொல்லவும் இல்லை. அடித்தது நான். அவர் பார்க்கிற மாதிரி, சத்தம் வருகிற மாதிரி அறைந்தேன். நீ அழவில்லை. கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். சட்டி காலி என்று நினைத்திருப்பாய், நான் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து கியூவைப் பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் செருகினேன். "படிக்கிற வழியைப் பாரு" என்றேன். நீயும் படித்தாய். மறுநாளிலிருந்து சோறு உங்கக்கா கொண்டுவந்தாள். வேலை போயிருந்தால் உங்கள் இருவருக்கும் ஃபீஸ் கட்ட எனக்கு வேறு வழி இருந்திருக்காது. இதை நியாயம் என்று எழுதவில்லை, நடந்த கணக்கு இது. அப்புறம் ஒருநாள்கூட நீ ஆட்டத்தைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நாம் ஃபோனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாததற்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்.

போன வாரம் பரணில் ஏறினேன். (உங்கம்மாவிடம் சொல்லாதே, வெள்ளையடிக்க என்று ஏணி வாங்கினேன்.) கியூ கோணவில்லை. அண்டா முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறது. டிப் காய்ந்து, தொட்டதும் பொடிந்துவிட்டது. அதைச் சுரண்டி, பித்தளை வளையத்தை உப்புத்தாள் போட்டு, புது டிப் ஒட்டி, மேலே படிக்கல்லைப் பாரம் வைத்து ஒரு ராத்திரி விட்டேன். நன்றாகப் பிடித்திருக்கிறது. உனக்கு இப்போது அது எட்டாது, இடுப்புக்குத்தான் வரும். இருந்தாலும் இருக்கட்டும்.

அந்தக் கிளப்பில் வெள்ளைக்காரக் கிழவர்கள் நிறைய வருவார்கள் என்று சொன்னாயாம். அவர்கள் ஆட்டம் என்று யாராவது ரொம்பப் பீற்றினால் விடாதே. 1875ல் ஜபல்பூரில் சேம்பர்லின் என்கிற பட்டாளத்து ஆபீசர் தொடங்கிவைத்தது இது, விதிகளை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில். மதுரையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம் என்று சொல்லு. ஆனால் ஆட்டம் முடிந்து கை குலுக்கிய பிறகு சொல்லு, முன்னால் வேண்டாம்.

ஷெஃபீல்டு உனக்குத் தூரமில்லை என்று மேப்பில் பார்த்தேன். போட்டி நடக்கிற குரூசிபிள் ஹாலில் ஆயிரம் பேர்கூடக் கொள்ளாதாம், டிக்கெட் சிக்காது என்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டு வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வா. போஸ்டர் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. உங்கம்மாவுக்கு இல்லை, என் நம்பருக்கு.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷமாக மனசிலேயே அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிளாக் அதன் புள்ளியில் இருந்தது. வலது மூலைப் பைக்குக் கிட்டத்தட்ட நேர்ப்பந்து. பிங்குக்கு இடது பக்கம் ஒரு ரெட், நீலத்துக்குப் பக்கத்தில் இரண்டு. வெள்ளைப் பந்தின் அடியில் அடித்து, ஸ்க்ரூ போட்டுப் பின்னுக்கு இழுத்தால் பிங்குப் பக்கத்து ரெட் கிடைக்கும், ஆனால் அதோடு ஆட்டம் சுருங்கிவிடும். மேஜை ஓரக் குஷனில் அடித்து மேலே கொண்டுவந்தால் இரண்டு ரெட்டும் உன்னுடையது, ஆனால் நடுப்பையில் வெள்ளை விழுகிற பயம் உண்டு. நான் ஸ்கோர்போர்டுப் பக்கம், உனக்குப் பின்னால் நின்றேன். உன் டிப் வெள்ளையின் அடியில் இருந்ததா, மேலே இருந்ததா என்று அங்கிருந்து தெரியவில்லை.

நீ என்ன அடிக்கப் போனாய்? எழுது.

அப்பா